இடி கேட்காத மின்னல்

புரட்டாசி 9, வெள்ளி

காலையிலிருந்தே புழுக்கம். உப்பளப் பக்கம் காற்றே இல்லை. ஜெர்மனி போகப் படிக்கும் நர்ஸ் பெண்களுக்கு நாளை ஆன்லைனில் ஜெர்மன் வகுப்பு எடுக்க வேண்டும். பாடம்: கூட்டுச் சொற்கள். ஒரு சொல் பிடித்துப்போனது, வெட்டர்லொய்ஷ்டன். வெட்டர், வானிலை. லொய்ஷ்டன், ஒளிர்தல். எங்கோ தூரத்தில் மின்னும், ஆனால் இடி கேட்காது; அதற்கு இந்தப் பெயர்.

அகராதியில் வேறு கதை. பழைய ஜெர்மனில் பின்பாதி லைஷன்; துள்ளுதல், ஆடுதல். அது வழக்கொழிந்ததும் தெரிந்த சொல்லை ஒட்டவைத்துவிட்டார்கள். வெட்டருக்கும் காற்று வீசுவதற்கும் ஒரே வேர். ஆக, பூர்வீகத்தில் வீசுவதும் துள்ளுவதும்தான். வெளிச்சமே இல்லை.

வாங்க வேண்டியது: வெங்காயம், கொசுவத்தி, போன் ரீசார்ஜ்.

புரட்டாசி 10, சனி

வகுப்பு நன்றாகப் போனது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

பொழுது சாயும்போது கடல் பக்கம் நிஜமாகவே மின்னியது. சத்தமே இல்லை. தம்பி செல்வம் படகில் வலை ஏற்றிக்கொண்டிருந்தான். இன்றைக்குப் போக வேண்டாம் என்று அவன் மனைவி கலா ஒரே பிடி. என்னிடம் நியாயம் கேட்டார்கள். என் வாய் சும்மா இருக்குமா? இடி கேட்கவில்லையென்றால் ரொம்ப தூரம், பயமில்லை, ஜெர்மன்காரர்கள் அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள் என்று விளக்கினேன்.

"பாத்தியா, அக்காவே சொல்லிட்டாங்க. காலைல வந்துடுறேன்" என்றான். கலா தண்ணீர்க் குடத்தைத் தூக்கிப் படகில் வைத்தாள்.

புரட்டாசி 11, ஞாயிறு

இங்கே ஒரு சொட்டு மழை இல்லை. உப்பளத்தில் வழக்கம்போல் உப்பு வாருகிறார்கள். மற்ற படகெல்லாம் வந்துவிட்டது. செல்வம் வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப்.

கூடப் போன படகுக்காரர் சொன்னார், இடி காதைப் பிளந்ததாம். அலை தூக்கிப் போட்டதாம். திரும்பிப் பார்த்தால் செல்வம் படகு லைட்டைக் காணோமாம்.

காதைப் பிளந்தது. அந்த ஜெர்மன் பெயர் கரையில் நிற்பவர்கள் வைத்தது. மின்னலுக்குக் கீழே இருப்பவனைக் கேட்டு வைக்கவில்லை. தூரம் என்றேன். அவன் போனது அந்தத் தூரத்துக்குத்தான். பாவி, இது ஏன் எனக்குத் தோன்றவில்லை.

மாலை. தேடப் போன படகுகளிடமிருந்து தகவல் இல்லை. வகுப்பு ரத்து.

கலா மணலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். விலகவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. இருட்டத் தொடங்கியதும் அதே இடத்தில் மறுபடி மின்னியது. சத்தமில்லாமல்.

"அது எவ்ளோ தூரம் இருக்கும், அண்ணி?" என்று கேட்டாள் கலா.