மனுவில் மூன்றாவது வரி

மாசி 5, செவ்வாய்

மாசியிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஷெட் கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்ல வேண்டும். முட்டை வண்டி பத்து மணிக்கு மேல்தான் வந்தது. டிரைவரிடம் ஒரு சத்தம் போட்டேன்.

திங்கட்கிழமை சேலத்துக்கு ஒரு கட்சியின் ஆட்கள் வருகிறார்கள், தேர்தல் அறிக்கைக்குக் கருத்துக் கேட்க. ஊர்க் கோழிப்பண்ணைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே மனு. எழுதுகிற வேலை என் தலையில். நான் இயற்பியல் படித்தவள் என்பது இப்படி நேரத்தில் மட்டும் இவர்களுக்கு ஞாபகம் வரும்.

1. மக்காச்சோள விலைக்குக் கட்டுப்பாடு.
2. சாயங்காலம் தடையில்லாத மும்முனை மின்சாரம்.
3. நிலக்கரியைக் குறைத்து, அணுமின் நிலையங்களைக் கூட்டுவது.

மூன்றாவது என் சொந்தச் சரக்கு. போன சித்திரையில் பொழுது சாயும் நேரம் கரண்ட் போய், ஃபேனும் தெளிப்பானும் நின்று, அரை ஷெட் கோழி வாயைப் பிளந்து செத்தன. குழி வெட்டியது நான். கூரையில் சோலார் இருக்கிறது. மத்தியானம் ஜோர், பொழுது சாய்ந்தால் சும்மா. வருஷா வருஷம் சூடு ஏறுவது புகையால். புகையில்லாமல் ராப்பகலாக ஓடுவது அணு உலை. இதில் பயப்பட என்ன?

மாசி 6, புதன்

பால் சொசைட்டியில் கூட்டம். எங்கள் பண்ணைக்காரர் சங்கத் தலைவர் குப்பண்ண மாமா, என் வீட்டுக்காரருக்குப் பங்காளி. மூன்றாவது வரியில் விரலை வைத்தார்.

"அம்மிணி, இது வேண்டாம். எழுதிக் குடுத்தா இங்கயே கொண்டாந்து வெச்சுப்போடுவாங்க."

"அதுக்கு ஏகப்பட்ட தண்ணி வேணுங்க மாமா. கடலோரமாத்தான் வெப்பாங்க. நம்மூருக்கு வராதுங்க."

"அப்ப கடக்கரைக்காரன் ஊட்டுக்கிட்ட வெச்சாச் செரியா?"

சுருக்கென்றது. விடுவேனா? அரை மணி நேரம் வகுப்பே எடுத்தேன். இரண்டு பேர் கொட்டாவி. கடைசியில் பின்னாலிருந்து யாரோ, "காளியம்மங்கிட்டப் பூக் கேட்டுப் போடலாமுங்க!" உடனே எல்லோரும் ஆமாம், ஆமாம். கல்யாணம், கிணறு, எது இழுபறியானாலும் இங்கே பூக் கேட்பதுதான். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். நானும் ஒத்துக்கொண்டேன். வெள்ளைதான் வரும் என்ற திமிர். வேறென்ன?

மாசி 8, வெள்ளி

கோயில், காலை ஏழு மணி. ஒரு பொட்டலத்தில் நந்தியாவட்டை, ஒன்றில் செவ்வரளி. நானே இலையில் மடித்துக் கட்டினேன், ஒரே அளவாக. பூசாரி இரண்டையும் அம்மன் காலடியில் போட்டுக் கலைத்தார். "ஆத்தா, அணுக் கரண்டு வேணுமின்னு எழுதலாமா?" எனக்குச் சிரிப்பு. அடக்கிக்கொண்டேன். ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

செவ்வரளி.

குப்பண்ண மாமா என் பக்கம் பார்க்கவே இல்லை; நல்ல மனுஷன். அங்கேயே மூன்றாவது வரியைப் பேனாவால் அடித்தேன். வீட்டுக்கு வந்து சோற்றுக் குண்டானை நங்கென்று வைத்தேன். கோபம். அழுகையும்தான்.

மாசி 9, சனி

தீவனம் வந்தது. சுண்ணாம்பு ஆள் வரவில்லை.

யோசித்தால், பூ வந்தது சங்கத்து மனுவுக்கு. என் வாய்க்கு இல்லையே. தனியாளாகப் பேசப் போகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நீ சாமிகிட்டயே வக்கீல் வேலை பாப்பே."

"போறனுங்க."

"போ. நான் வேண்டாமுன்னா நிக்கவா போறே?"

மாசி 11, திங்கள்

சேலம். கல்யாண மண்டபம், டோக்கன், வேர்வை. மாமா சங்க மனுவைக் கொடுத்தார், ஃபோட்டோ எடுத்தார்கள். அடுத்து நான். கோழி செத்த கதை, புகை, சூடு, எல்லாம் சொன்னேன். "அணுமின்சாரம் வேணுமுன்னு ஏனுங்க வாயைத் தொறக்க மாட்டேங்கறீங்க?"

மேடையில் நடுவில் இருந்தவர் சிரித்தார். "கடலோர ஓட்டு போயிருமேம்மா. சரி, கழிவை எங்க வைக்கிறது? உங்க ஊர்ல வெச்சா ஒத்துக்குவீங்களா?"

புதன்கிழமை என்னைக் குத்திய அதே கேள்வி. இந்தத் தடவை பதில் இருந்தது.

"எங்க மேட்டுக்காடு நாலு ஏக்கரா, பூராப் பாறை. அங்க வைங்க. எழுதிக்கங்க."

மண்டபமே கை தட்டியது. அவர் எழுதவில்லை, பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை. கிடக்கட்டும். இனி யாரும் என்னைப் பார்த்து, அடுத்தவன் தலையில் கட்டுகிறாள் என்று சொல்ல முடியாது. நிமிர்ந்து இறங்கினேன்.

திரும்பும் பஸ்ஸில் மாமா முன் சீட்டில். சங்ககிரி வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். பூவை மீறிவிட்டேன் என்று கோபமாக்கும் என்றிருந்தேன். சங்ககிரி தாண்டியதும் திரும்பினார்.

"அம்மிணி, அந்தப் பாறைக்கு அடுத்த காடு எம்படதுதானே?"

"ஆமாங்க மாமா, உங்க காடுதானுங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல சாமி?"

அவர் சத்தமே போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன்.