மென்சிக்கு ஓர் அரியணை

மார்ச் 4, செவ்வாய்
எங்கள் எஸ்வதினி நாடே கொண்டாடும் பாட்டுக்கார அண்ணன் தம்பி மென்சியையும் வாண்டிலேயையும் அந்தக் காலத்து இளவரசர்களாக்கி, போனில் தொடர்கதை எழுதிவருகிறேன். நேற்று மென்சியை அரியணையில் ஏற்றினேன். இன்று தலை பின்னும் கடையில், என்னோடு வேலை செய்யும் தெங்கெலி ஒருத்திக்குத் தலை பின்னிக்கொண்டே என் மானத்தை வாங்கினாள்.

"நீ இந்த ஊர்ப் பொண்ணுதானாடி? ராஜாவாகறவன் அவங்கம்மாவுக்கு ஒரே பிள்ளையா இருக்கணும். கூடப் பிறந்த தம்பியைப் பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டு அரியணையா?"

இது எப்படி எனக்கு மறந்தது?

மார்ச் 5
தீர்ந்தது. கதையில் வாண்டிலேக்கு வேறு தாய், அப்பாவின் இளைய மனைவி. மென்சி ராஜாதான்.

மார்ச் 12
கதைக்குக் கீழே ஒருத்தி எழுதியிருக்கிறாள்: "எனக்கு அப்பவே தெரியும். வாண்டிலே முகத்துல அவங்கம்மா சாயலே இல்ல." அதை ஆமோதித்து ஒரு கூட்டம். கதையில் வருகிறவனைச் சொல்கிறார்களா, நிஜ வாண்டிலேயையா?

மார்ச் 14
வாண்டிலேக்கு வேறு அம்மா என்று ரேடியோவிலேயே வந்துவிட்டது. கதை என்ற பேச்சே இல்லை. எங்கள் ஊரைச் சொல்லி, "மன்சினியில் பேசிக்கொள்கிறார்களாம்" என்கிறார்கள். யார் பேசிக்கொண்டது? நான் ஒருத்திதானே!

மார்ச் 16, ஞாயிறு
சர்ச்சில் அவர்களுடைய அம்மா லாகாமா, எப்போதும்போல முன்வரிசையில். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நானும்தான்.

கதையை அழித்துவிடவா என்று தெங்கெலியிடம் கேட்டேன். "அழிச்சா நிஜம்னு ஆயிடும். வாயை மூடிக்கிட்டு இரு."

இருக்க முடியவில்லை. இந்த வாரக் கச்சேரிக்கு அண்ணனும் வரவில்லை, தம்பியும் வரவில்லை. என்னால் பிரிஞ்சிட்டாங்களோ? ஐயோ, என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன்...

மார்ச் 17
தட்டில் போட்ட களியை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

மார்ச் 22, சனி
லாகாமா வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார். மண்டியிட்டு, எழுதியது நான்தான் என்றேன்.

"நீயா அது? உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலைம்மா. என் கற்பனைதான். பொய்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா..."

"பொய்யா இருந்தா சொல்லியிருக்க மாட்டேனா?"

அவரே எல்லாவற்றையும் சொன்னார்.

மென்சிக்குப் பிறகு அவருக்குப் பிள்ளை தங்கவில்லையாம். அவருடைய தங்கையையே வீட்டுக்காரருக்கு இரண்டாவதாகக் கட்டிவைத்திருக்கிறார்கள். அவள் வாண்டிலேயைப் பெற்று அக்கா மடியில் போட்டிருக்கிறாள்.

"நம்ம வழக்கப்படி அவன் என் பிள்ளைதான். அதனாலதான் அவன்கிட்டச் சொல்லல. முந்தாநாள் வந்து நேருக்கு நேரா கேட்டான், சொல்லிட்டேன். கதவை அறைஞ்சிட்டுப் போயிட்டான்."

"மென்சி?"

"தம்பி பின்னாடியே ஓடினான். ரெண்டு பேரும் இன்னும் வீடு திரும்பல." உள்ளே போய்த் தட்டோடு வந்தார். "அழுதது போதும். களியும் மோரும் இருக்கு, சாப்பிட்டுட்டுப் போ."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மார்ச் 29
ஒரு தகவலும் இல்லை. போனைத் தொடவே பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 3
வாண்டிலேயிடமிருந்து செய்தி.

"அக்கா, அம்மா உங்க பேரைச் சொன்னாங்க. கதையை முழுக்கப் படிச்சோம், அண்ணனும் பக்கத்துலதான் உக்காந்திருக்கான். அந்த அரியணை எங்களுக்கு வேணாம். எங்க ரெண்டு பேரையும் ஒரே வயித்துல பொறக்க வச்சிடுங்க."

இன்று கடைக்குப் போகவில்லை. உட்கார்ந்து முதல் அத்தியாயத்திலிருந்தே மாற்றி எழுதிவிட்டேன். ராஜாவாக்க வேறு யாரையாவது தேட வேண்டும்.