அரை மணிக்கு ஒருமுறை அணையும் ஹீட்டர்

ஜனவரி 4

அன்பு மகளுக்கு,

வெள்ளோட்டம் பார்க்க உன் கம்பெனி தந்த, அறையைச் சூடாக்கும் ஹீட்டர் எங்கள் குடியிருப்பின் ஒன்பது வீட்டுக்கும் வந்துவிட்டது. ஜனங்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று அறிய கேமராவா, நோட்டில் எழுதச் சொல்வதா, நேரில் போய் உட்காருவதா என்று கேட்டிருக்கிறாய். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை ரசித்துப் படித்தவனிடம் கேட்க வேண்டியதுதான். கேமரா வைத்தால் கீழ்வீட்டுத் தையல்காரர் கல்யாணச் சட்டையோடு தூங்குவார். நோட்டுக் கொடுத்தால் ஒரு வாரத்தையும் ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் எழுதிவிடுவேன். ஆளை அனுப்பு. முகத்துக்கு நேரே யார் பொய் சொல்வார்கள்?

அப்பா

ஜனவரி 16

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தோம். என் ஆபீஸ் தோழி ஒன்பது வீட்டிலும் ஒவ்வொரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாள். ஹீட்டர் அரை மணிக்கு ஒருமுறை தானாக அணைவதை யாருமே குறை சொல்லவில்லையாம். எழுந்து போய் மறுபடி பொத்தானை அமுக்குகிறார்களாம். நம்ம ஆட்கள் அவ்வளவு ஒழுங்கா அப்பா? இருபதாம் தேதி அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறேன். உடனே கடைகளுக்கு அனுப்பிவிடுவார்கள்.

உங்கள் மகள்

ஜனவரி 18

பாப்பா,

போனை நாலு தடவை எடுத்தேன், சொல்ல வாய் வரவில்லை. அரை மணிக்கொரு தரம் எழச் சோம்பல்பட்டு, செருப்புப் பெட்டி அட்டையை வெட்டிப் பொத்தான் இடுக்கில் செருகினேன். அப்புறம் அணையவே இல்லை. விஞ்ஞானி ஆகிவிட்ட பெருமையில் எல்லா வீட்டுக்கும் வெட்டிக் கொடுத்தேன். உன் தோழி வந்த அன்று காலை வீடு வீடாகப் போய், "எம் பொண்ணு வேலை விஷயம், அட்டையை எடுத்து வச்சிடுங்க" என்றதும் நான்தான். அவள் போனதும் திரும்பச் செருகிக்கொண்டோம்.

நேற்று தையல்காரர் வீட்டில் பார்த்தேன். பொத்தான் உருகியிருக்கிறது. பின்சுவர் பழுப்பேறிவிட்டது. புதுச் சாமான் வாசனை என்கிறார் அவர் மனைவி. குழந்தையின் தொட்டில் இரண்டடி தள்ளி. கையெழுத்துப் போடாதே.

அப்பா

ஜனவரி 22

அப்பா,

உங்கள் கடிதம் இன்றுதான் வந்தது. கையெழுத்து முந்தாநாள் போட்டுவிட்டேன். மேலதிகாரியிடம் ஓடினேன். ஒன்பது வீட்டில் கண்ணால் பார்த்ததைவிட உங்க அப்பா கடிதாசி பெரிசா என்று கேட்டார். லாரிகள் போய்விட்டன.

ஒரு போன் பண்ணியிருக்கலாமே அப்பா. நான் போட்டாலும் நீங்கள் எடுக்கவில்லை. முதலில் அங்கே எல்லா அட்டையையும் பிடுங்குங்கள்.

மகள்

ஜனவரி 25

பாப்பா,

ஒன்பது அட்டையும் என் கையில் இருக்கிறது. தொட்டிலை உள்ளறைக்கு மாற்ற வைத்தேன். இந்த நல்ல சேதியைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் தையல்காரர் வந்தார். வெளியூரில் அவர் தம்பிக்கு மின்சாமான் கடையாம். உங்கள் கம்பெனி ஹீட்டர் பெட்டிகள் முந்தாநாள் அங்கே இறங்கிவிட்டனவாம். அட்டையின் அளவைத் தம்பி முன்பே கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

"உங்க கண்டுபிடிப்புக்கு அங்க ஏக கிராக்கி அண்ணே. பெட்டிக்கு ஒண்ணு சும்மாவே குடுக்கிறான்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

உடனே தம்பிக்குப் போன் போடச் சொன்னேன். மூன்று தரம் போட்டார். கடையில் கூட்டம் போலிருக்கிறது, எடுக்கவில்லை. உனக்கு நானே போட்டேன். நீயும் எடுக்கவில்லை.

அப்பா