உம்மாவுக்கு எட்டாத ஜீப்

என் உயிரான வாப்பாவுக்கு,

நீங்கள் அடங்கியிருக்கும் கபுரடிக்குப் போகிற ஆண்கள் உங்களுக்குச் சொல்லும் ஸலாமை நான் இங்கே பாயில் இருந்தபடியே சொல்கிறேன். தங்கச்சி பக்கத்தில் உறங்குகிறாள். மௌத்தானவர்களுக்கு யாஸீன் ஓதினால் போதாதா, கடிதம் எதற்கு என்று உம்மா கேட்பார். அதற்காக மட்டும் இதை ஒளித்து எழுதவில்லை. இதில் எழுதப்போவதை உம்மா படித்தால் நாளைக் காலையில் ஜீப்பை எடுக்கவே மாட்டார்.

முதலில் நல்ல செய்தி. ஜீப்பை உயர்த்திவிட்டோம் வாப்பா.

போன மாரி மழையில், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு எங்களையும் நீங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகையில், களப்பு நிரம்பி மூடியிருந்த கரையோரப் பாதையில், தண்ணீருக்கு நடுவே நம்முடைய சின்ன ஜீப் நின்றுபோனது ஞாபகமா? நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெள்ளை யூனிபோமோடு இறங்கி நடந்தோம். அதற்குப் பிறகுதான் நீளமான ஸ்பிரிங்குகளும் அதற்கேற்ற ஷொக்குகளும் வாங்கிவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தீர்கள். "அடுத்த மாரிக்கு முன்ன பூட்டோணும்" என்றீர்கள். உங்கள் நெஞ்சுவலி அதற்கும் முந்திக்கொண்டது.

நீங்கள் மௌத்தான பிறகு உம்மா வெளியே வராமல் இத்தா இருந்த நாட்களில்தான் அவற்றைப் பூட்டினார்கள். மாமா தன் ராத்தாவான உம்மாவுக்கு உதவியென்று பாலாவியிலிருந்து கராஜ் பாஸைக் கூட்டிவந்தார். உங்களுக்குத் தெரிந்த அதே பாஸ்தான், வாயில் ஆணியைக் கடித்துக்கொண்டு கதைப்பவர். வேலை முற்றத்தில் நடந்தது. அந்நிய ஆண்களுக்கு முன்னால் வரக்கூடாது என்பதால் உம்மா யன்னல் திரைக்குப் பின்னால் இருந்தார். இரண்டுக்கும் நடுவில் நான்.

"உம்மா கேக்குறா, பழைய ஸ்பிரிங்ல என்ன பிழை எண்டு."

"பிழை ஒண்டுமில்ல புள்ள. அது கட்டை, இது நீளம். எஞ்சினும் ஜீப்புட உடம்பும் மேல எழும்பும், தண்ணி கீழால போகும் எண்டு சொல்லுங்க."

பாஸ் யன்னலைப் பார்க்காமல், ஆனால் யன்னலுக்குக் கேட்கும்படிதான் சொல்வார். இருந்தாலும் நான் உள்ளே ஓடிப்போய் அதையே ஒருமுறை ஒப்புவிக்க வேண்டும்.

"உம்மா கேக்குறா, டயர் சில்லு கீழ தொங்கக்குள்ள பிரேக் குழாய் இழுபடாதா எண்டு."

பாஸ் வாயிலிருந்த ஆணியை எடுத்தார். "அதையும் நீளமா மாத்தத்தான் போறன். உங்கட உம்மாவ கராஜுக்கு அனுப்புங்க, நான் வீட்டுல சமைக்கிறன்."

"நீ சமைச்சா கோழியும் திங்காது" என்றார் மாமா. சொல்லி வாய் மூடவில்லை, பழைய ஸ்பிரிங் நெம்பிய வேகத்தில் துள்ளி அவர் காலடியில் விழுந்தது. கோழிகள் மதிலுக்கு மேலே பறந்தன. மாமாவும்தான் பறந்தார் என்று தங்கச்சி இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

கடைசியில் ஜீப்பைத் தூக்கியிருந்த ஜக்கை இறக்கினார்கள். ஜீப் கொஞ்சம் இறங்கிவிட்டு, அதற்குமேல் இறங்க மாட்டேன் என்பதுபோல் உயரத்திலேயே நின்றது. எல்லாருக்கும் சந்தோசம். பாஸ் அடியில் தவழ்ந்து தவழ்ந்து தரைக்கும் அச்சுக்கும், டயருக்கும் மட்கார்டுக்கும் இடைவெளி அளந்தார். போன மாரியில் தண்ணீர் எதுவரை வந்தது என்று என்னைக் கேட்டு அதையும் அளந்தார்.

மாமா, கரைத்தீவில் ஒரு பொடியனை ஓட்டுவதற்குப் பேசி வைத்திருப்பதாகச் சொன்னார். எனக்குத்தான் மனம் கனத்தது. முகம் தெரியாத பொடியனோடு எங்கள் பக்கத்து உம்மாமார் பெண்பிள்ளைகளை அனுப்புவார்களா? தண்ணீர் வற்றும்வரை எல்லாரும் வீட்டில்தான் இருக்க வேண்டும். எனக்கு இந்த வருடம் பரீட்சை வாப்பா. நம் வளவில் முதல் மழை பெய்தபோது சந்தோசப்படாதவள் நான் ஒருத்திதான்.

நேற்று இத்தா முடிந்தது. உம்மா குளித்துத் தொழுது, கறுப்பு அபாயாவோடு வெளியே வந்தார். கையில் ஜீப் சாவி. கடைசியாக ஒருமுறை பார்க்க வந்திருந்த பாஸும் மாமாவும் எழுந்து நின்றார்கள்.

"எங்க ராத்தா போற?"

"எங்க போற? இனி பிள்ளைகள ஏத்தப் போகோணும். ஜீப்ப நான்தான் ஓடுறன்."

நீங்கள் வலுக்கட்டாயமாக எடுத்துக்கொடுத்த லைசன்ஸை மாமா மறந்தேபோயிருந்தார். உம்மா கதவைத் திறந்து காலைத் தூக்கினார். எட்டவில்லை. அபாயாவைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு மறுபடி தூக்கினார். கால் வழுக்கி, தொப்பென்று மணலில் உட்கார்ந்துவிட்டார். பாஸ் சட்டென்று திரும்பி, களப்பில் ஏதோ கப்பல் வருவதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்.

உம்மா சிரித்தார் வாப்பா. நீங்கள் போனதற்குப் பிறகு முதல்தடவை. "எல்லாத்தையும் அளந்தீங்க. என்ன அளக்கல்லயே!"

மாமா அவசரமாக, "அப்ப பழைய ஸ்பிரிங்கையே போடுவோமா? இல்லாட்டி அந்தப் பொடியன வரச்சொல்லவா?" என்றார்.

"எனக்காக தண்ணி இறங்குமா? ஜீப்ப இறக்க வேணாம். படி வைங்க."

எந்த உயரத்தில் வைப்பது? உம்மாவின் காலைப் பாஸ் எப்படி அளப்பார்? ஆண்கள் இருவரும் மதிலுக்கு வெளியே போனார்கள். உம்மா சிரமமில்லாமல் காலைத் தூக்கினார், நான் கதவுக்குக் கீழே சோக்கால் கோடு போட்டேன். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் பாஸ் இரும்புப் படியை வெல்டிங் செய்தார். அபாயா சிக்காமல் விளிம்பையும் அராவினார். நேற்றுப் பின்னேரமே உம்மா ஏறி உட்கார்ந்துவிட்டார். பள்ளிவாசல்துறைப் பக்கம் கரையோரமாக ஒரு சுற்று போய்வந்தோம்.

இனிமேல்தான் உம்மா படிக்கக்கூடாதது.

எனக்குப் பயமாக இருக்கிறது வாப்பா. தோணிகளுக்குப் பக்கத்தில் வளைத்துத் திருப்பியபோது ஜீப் ஒருபக்கமாகச் சாய்ந்தது. முன்பு இப்படிச் சாய்ந்ததில்லை. "உசந்த வாகனம், திரும்பக்குள்ள மெல்லத் திரும்போணும், பழைய ஜீப்பெண்டு நினைச்சிராதீங்க" என்று பாஸ் போகும்போது இரண்டுதரம் சொன்னார். நாளைக்கு மணலில் அல்ல, தண்ணீருக்குள் போகவேண்டும். அடியில் பள்ளம் எங்கே என்று தெரியாது. பின்னால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள்.

"பயமா மகள்?" என்று உம்மா கேட்டார். இல்லை என்றேன். ஓம் என்றிருந்தால் சாவியை மாமாவிடம் கொடுத்திருப்பார். சாவியைத் திருப்பும்முன் அவரும் வாய்க்குள் மூன்றுதரம் பிஸ்மி சொன்னதை நான் கேட்டேன். உங்களுக்கும் பயம் இருந்ததா? அந்தத் தண்ணீருக்குள் இறங்கும்போது நீங்கள் வாய்க்குள் என்ன ஓதினீர்கள்? ஏன் நான் ஒருநாளும் கேட்கவில்லை?

வெளியே மழை சன்னமாகத் தூறுகிறது. பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னதையும் எழுதிவிடுகிறேன்: "நீங்க ஓடுறண்டா என்ட ரெண்டு பேரையும் அனுப்புறன். நீங்க ஓடாட்டி, மழை விடட்டும்." எங்கள் பள்ளிக்கூடம் இப்போது உம்மாவின் கையில் இருக்கிறது.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நாளை நான் முன்சீட்டில் இருப்பேன். கண்ணை மூட மாட்டேன். பாதையோரத்தில் நட்டிருக்கும் கட்டைகளைப் பார்த்து, ஆழம் எந்தப் பக்கம் என்று உம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே வருவேன். ஜீப் சாய்ந்தால், எவ்வளவு பயம் வந்தாலும், "நிப்பாட்டுங்க" என்று கத்த மாட்டேன். "மெல்லப் போங்க உம்மா" என்று சொல்வேன். அவ்வளவுதான் சொல்வேன். மெல்லப் போனாலும் அக்கரைக்குப் போய்விடலாம், இல்லையா வாப்பா?

நாளைக்கு உம்மாவின் பக்கத்தில் இருந்து தண்ணீரைப் பார்க்கப்போகிற,
உங்கள் மூத்த மகள்