பெயர் சொல்ல விரும்பாதவர்

சேசு மரி சூசை

தூத்துக்குடி

அன்பு மகன் ரெக்சனுக்கு அம்மா எழுதுவது. நானும் என் சர்க்கரை வியாதியும் இங்கே சண்டையில்லாமல் சேர்ந்து வாழ்கிறோம், அங்கே மஸ்கட்டில் நீயும் ஷீஜாவும் பேரனும் சுகமாயிருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். முதலில் ஒரு திருத்தம். போன ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையில் நான் எழுந்து கூச்சல் போட்டேன், சாமியைக் கைநீட்டிப் பேசினேன், மயங்கி விழுந்தேன், நாலு பேர் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள் என்றெல்லாம் உனக்குச் செய்தி வந்திருக்கும். நான் கூச்சல் போடுகிறவள் இல்லை. கன்னியர் மடத்துப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே குரலை உயர்த்தாமல் கடைசி பெஞ்சுவரை கேட்கும்படி பேசுவது எப்படி என்பதைத்தான். அந்தக் குரலில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். ஆட்டோவுக்கு நானே நடந்துபோய்ப் பேரம் பேசித்தான் ஏறினேன், மயக்கம் வந்தவள் பேரம் பேசமாட்டாள்.

நடந்தது இதுதான். பூசை தொடங்குமுன், காசு கட்டிக் கொடுத்த அன்றைய வேண்டுதல் கருத்துகளை வாசிப்பார்களே, இறந்தவரின் ஆன்ம இளைப்பாற்றிக்கு, பரீட்சை எழுதும் பிள்ளைக்கு, கடலுக்குப் போனவர் நல்லபடியாகத் திரும்பியதற்கு நன்றியாக என்று, அதில் கடைசியாக ஒன்று. உதவிச் சாமி புதிதாக வந்தவர், அவருக்கு நம் தெருவும் தெரியாது கதையும் தெரியாது, சீட்டில் இருந்ததை இருந்தபடி மைக்கில் வாசித்தார். இன்ன தெருவைச் சேர்ந்த இன்ன பிள்ளை பொய் வழியை விட்டு மனந்திரும்பவும், அவளால் அவதூறுக்கு ஆளான ஒரு நல்ல குடும்பம் நிம்மதி பெறவும், ஒப்புக்கொடுப்பவர் பெயர் சொல்ல விரும்பாதவர். பிள்ளைக்குத் தெரு உண்டு, ஞானஸ்நானப் பெயர் உண்டு, அப்பா பெயரும் உண்டு. நல்ல குடும்பத்துக்குப் பெயர் இல்லை, காசு கட்டியவருக்கும் பெயர் இல்லை. நான் எழுந்து, சாமி, கொடுத்தவர் பெயரையும் வாசியுங்கள் என்றேன். அவ்வளவுதான். பாவம், அவர் சீட்டைத் திருப்பி மறுபக்கம் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை, தந்தை மகன் தூய ஆவியாரின் பெயராலே என்று பூசையைத் தொடங்கிவிட்டார். அந்தப் பெயர்களுக்கு மட்டும் இந்த ஊரில் இன்னும் ஆட்சேபணை வரவில்லை.

அந்தப் பிள்ளை யார் என்று நான் எழுதப்போவதில்லை, உனக்குத் தெரியும். துறைமுகச் சாலையில் உன் சிநேகிதன் மேலாளராக இருக்கும் கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்த்தாள், குடோனில் வைத்து அவன் தன்னைப் பலவந்தம் செய்தான் என்று மகளிர் காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்திருக்கிறாள். அவன் ஜாமீனில் வந்து வெள்ளைச் சட்டை கலையாமல் பழையபடி ஆபீசுக்குப் போய்வருகிறான். பத்திரிகையில் இரண்டு பெயருமே வரவில்லை, அவள் பெயர் சட்டத்துக்குப் பயந்து, அவன் பெயர் விளம்பரம் நின்றுபோகும் என்று பயந்து. அவன் செய்தானா இல்லையா என்பது எனக்குத் தெரியாது, நான் குடோனில் இல்லை. நீயும் இல்லை, ஆனால் நீ மஸ்கட்டில் இருந்தே எல்லாவற்றையும் பார்த்துவிட்டாய், உன் கண்பார்வைக்கு உன் அப்பாவின் கண்ணாடி தேவைப்படாதது எனக்குச் சந்தோஷம்.

நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. நாளை வழக்குப் பொய் என்று ஆனால் அவன் பெயரை யார் கழுவித் தருவார்கள், நிரூபிக்கும்வரை இரண்டு பெயரையுமே மூடிவைக்க வேண்டாமா என்று கேட்டாய். நியாயமான கேள்வி. அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கிய நாலு பேரில் அவனும் ஒருவன், அதையும் நான் மறக்கவில்லை. இரண்டு பெயரையும் மூடு, எனக்கு ஆட்சேபணை இல்லை, அதனால்தான் இந்தக் கடிதத்திலும் அவன் பெயரை எழுதவில்லை. ஆனால் இங்கே கோயிலில் ஒரு பெயரைத்தான் மூடியிருக்கிறார்கள், சட்டம் மூடச்சொன்ன பெயர் அது இல்லை. உன் அத்தை இசபெல்லா அந்த ஞாயிறு மத்தியானமே வந்துவிட்டாள். “மயினி, ஆம்பளப் பயலுக்குப் பேரு போனாத் திரும்ப வருமா, பொட்டப்புள்ளைக்கு ஒரு கலியாணத்தப் பண்ணி வெளியூருக்கு அனுப்பிட்டா பேரே மாறிப்போவும்லா” என்றாள். அப்படியானால் அவனுக்கு ஒரு கலியாணத்தைப் பண்ணி வெளியூருக்கு அனுப்பிவை என்றேன். அதிலிருந்து அவள் வீட்டு மீன்குழம்பு என் குசினிக்கு வருவது நின்றுவிட்டது, உப்பு எப்போதும் கூடுதல்தான், என் ரத்த அழுத்தத்துக்கு நல்லதே நடந்திருக்கிறது.

மறுநாள் கோயில் ஆபீசுக்குப் போய் பிலோமினாவிடம் அந்தக் கருத்தைக் கொடுத்தது யார் என்று கேட்டேன். “வெளிநாட்டுலருந்து ஆன்லைன்ல வந்துது ஆன்ட்டி, பேரு சொல்லாதீங்கன்னு போட்டுருக்காங்க, அத எப்படி நான் சொல்லுதது, பாவமில்லியா” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இந்த ஊருக்கு ரகசியம் காக்கத் தெரியாது என்று இனி யாரும் சொல்லக்கூடாது. எந்தப் பெயரைக் காக்க வேண்டும் என்பதில்தான் கொஞ்சம் தடுமாற்றம். இதற்கிடையில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது, பிளம்பர் பவுல் வந்து ஏறிப் பார்த்துவிட்டு “இது தொட்டி இல்லம்மா, சல்லடை” என்று சொல்லிவிட்டுப் போனவன்தான், இன்னும் திரும்பவில்லை.

புதன்கிழமை அந்தப் பிள்ளையின் அப்பா வீட்டுக்கு வந்தார். சங்கு குளிக்கிறவர், மூச்சைப் பிடித்துக்கொண்டே பேசுகிறார். நாற்காலியைப் போட்டும் உட்காரவில்லை. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துக் காபி போட எழுந்தேன். “நீங்க எந்திரிக்காம இருந்தா பாதிச்சனம் அதக் காதுல வாங்கிருக்காதும்மா, நீங்க கேட்டப் பெறவுதான் எந்தப் புள்ள எந்தப் புள்ளன்னு தேடுதாங்க” என்றார். அவர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியாவது சரியில்லை என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டிருக்கிறேன், இன்னும் ஜெயிக்கவில்லை. பிள்ளை வாசலுக்கு வருவதில்லையாம், புகாரே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிடுகிறேன், எல்லாரும் என்னை விட்டுவிடுங்கள் என்கிறாளாம். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான், அந்தச் சீட்டைக் கொடுத்தது யார் என்று கண்டுபிடித்துத் தாருங்கள். பெயரை வெளியிட்டவனுக்கு இரண்டு வருடம்வரை தண்டனை உண்டு, மைக்கில் சொன்னாலும் வெளியிட்டதுதான் என்று அவர்களுடைய வக்கீலம்மா சொல்லியிருக்கிறார். யாராவது ஒருவராவது அவளுக்குப் பதில் சொல்லவேண்டிய இடத்தில் நின்றால் பிள்ளை புகாரைக் கைவிடமாட்டாள் என்று அவர் நம்புகிறார். கண்டுபிடிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

இப்போது உன் விஷயம். அந்தச் சனிக்கிழமை சாயந்திரம் நீ போன் செய்தாய். மஸ்கட் போன நாளிலிருந்து நான் எந்தப் பூசைக்குப் போகிறேன் என்று ஒருதரம்கூடக் கேட்காத பிள்ளை, அம்மா நாளைக்கு முதல் பூசைக்குப் போகாதீங்க, பனி விழும், சாயந்திரப் பூசை போதும் என்றாய். தூத்துக்குடியில் பனி. ஷீஜாவிடம் சொல்லிப் பார், சிரிப்பாள். அன்றைக்கு நான் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு பிலோமினாவிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன்.

கண்ணால் காணாததை நான் உண்மை என்று சொல்லமாட்டேன். நிரூபிக்கும்வரை பெயர் வெளியே வரக்கூடாது என்பது உன் கொள்கை, அதைக் குறைவில்லாமல் உனக்கே தருகிறேன். வக்கீலம்மா நேற்று போனில் கேட்டபோது, ஒருவர்மீது சந்தேகம் இருக்கிறது, அவர் பதில் சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுத்துவிட்டுப் பெயர் சொல்கிறேன் என்றேன். அந்தப் பிள்ளைக்கு அப்படி ஒரு வாய்ப்பு யாரும் கொடுக்கவில்லை என்பதையும் அவரே எனக்கு ஞாபகப்படுத்தினார். நீ இல்லையென்றால் உன்னைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்பேன், நான் அவ்வளவு சுலபமாகக் கேட்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். நீதான் என்றால் உன் கடிதத்தை நானே கொண்டுபோய் வக்கீலம்மா கையில் கொடுப்பேன். பதிலே வராவிட்டால் சனிக்கிழமைப் போனைப் பற்றிச் சொல்வேன். பிறகு அம்மா மறைத்துச் செய்துவிட்டாள் என்று நீ சொல்லக்கூடாது, அதற்காகத்தான் எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதுகிறேன். நீ என் பிள்ளை என்பது இதில் எந்தப் பதிலாலும் மாறாது, ஆனால் அவளும் ஒருவர் வீட்டுப் பிள்ளை.

ஆண்டவர் உன்னையும் ஷீஜாவையும் காக்கட்டும், பேரன் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு. அவனுக்குப் பல் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று ஷீஜா சொல்லிக்கொண்டேயிருந்தாள், தள்ளிப்போடாதே. போனில் பேச வேண்டாம், மெசேஜும் வேண்டாம். அந்தக் கருத்தைக் கொடுத்தது நீயா இல்லையா என்று உன் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பு.

உன் அம்மா,
எமிலியானா ரொட்ரிகோ