செவலைக்குச் சினை பிடித்த சேதி

வாயாடி மதினிக்கு,

நான் சொல்லச் சொல்ல உன் மருமகள் எழுதுகிற காயிதம் இது. எனக்குத்தான் எழுத்து வராதே. நீ போய்ச் சேர்ந்த இடத்தில் ஆடுகள் உண்டா? இருந்தால் நீ சும்மா உட்கார்ந்திருக்கமாட்டாய்.

முதலில் சேதியைக் கேள். நம்ம செவலையாடு சினையாக இருக்கிறாள்!

தலைக்குட்டிக்குப் பிறகு சினையே பிடிக்காததால், பங்குனி வரைக்கும் அவளை மலடு என்றுதான் சிலமலை ஊரே சொன்னது. உன் மகன் முருகேசன் போடி கறிக்கடைக்காரரிடம் பேசியும் விட்டான். "காய்க்காத மரத்துக்கு எதுக்குச் சித்தப்பா தண்ணி?" என்றான். நீ தடவி வளர்த்த ஆடு. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கால்நடை டாக்டரம்மா நம்ம ஆட்டுக்கிடைக்கு வந்தது. வெறும் ஆடு, சினையாடு, பாலாடு என்று பிரித்துக் கட்டச் சொல்லி, கழுத்தில் ரத்தம் எடுத்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எடுத்தது.

"ஏம்மா, ஆட்டுக்கும் கொஞ்சம் மிச்சம் வையி" என்றேன்.

"உடம்புக்குள்ள சில சுரப்பு ஊறும் தாத்தா. எம்புட்டு ஊறுது, எம்புட்டு வெரசா கழியுதுன்னு பாக்குறோம். சினையில ஒரு மாதிரி, பால் கொடுக்கையில வேற மாதிரி."

கண்மாய்க் கதைதானே மதினி? வரத்தை மட்டும் பார்த்தால் ஆச்சா, மடை திறந்திருக்கா என்றும் பார்க்கவேண்டாமா?

செவலையை வெறும் ஆடுகளோடு கட்டினான் முருகேசன். டாக்டரம்மா மடியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தது. "பால் வடியுது, இதைப் போயி வெறும் ஆடுங்கிறீங்க?"

அப்புறம்தான் உன் சோலியை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவளுடைய தலைக்குட்டி செத்த அன்று, தாயில்லாக் குட்டி ஒன்றை அவளிடம் ஊட்டவிட்டாய். அது மேயப் போனதும் அடுத்த குட்டி. நீ போன பிறகு நாங்களும் அதையே செய்தோம்.

"குட்டி ஊட்ட ஊட்ட பாலுக்கான சுரப்பு ஏறியே நிக்கும். பருவத்துக்கான சுரப்பு தலைதூக்காது. ஆடும் மெலிஞ்சு கெடக்கு. எப்படித் தாத்தா கிடாவுக்கு வரும்?"

கிடைக்கே பால் கொடுத்தவளுக்கு மலடி என்று பேர்! அடுக்குமா மதினி?

"சின்ன மாமா, அத்தையை வைஞ்சா நான் எழுதமாட்டேன்" என்கிறாள் உன் மருமகள். வையவில்லை தாயி, கொஞ்சுகிறேன்.

"ஒரு பருவம் பொறு அப்பு" என்று முருகேசனிடம் கெஞ்சினேன். குட்டியைப் பிரித்துப் புட்டிப்பாலுக்குப் பழக்கினோம். மலையடிவாரத்தில் நல்ல மேய்ச்சல். மடி வற்றியது, உடம்பு தேறியது. ஒருநாள் பார்த்தால் வாலை ஆட்டிக்கொண்டு கிடாவை ஒட்டி ஒட்டி நிற்கிறாள், புதுப்பெண் மாதிரி!

நேற்று டாக்டரம்மா வயிற்றில் கருவி வைத்துப் பார்த்து, சினை உறுதி என்றது. கறிக்கடைக்காரர் ஜீப்போடு வந்து நின்றார். "வேற ஆடு பாருங்கண்ணே. இது எங்க ஆத்தா ஆடு" என்றான் முருகேசன். அதைக் கேட்க உனக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். பிறக்கப்போகும் குட்டிக்கு மட்டும்தான் செவலையின் பால். அது பால் மறந்ததும் அவளுக்கு ஓய்வு. நீ கனவில் வந்து, "பாவம் கொழுந்தனாரே, இந்த ஒரே ஒரு குட்டி..." என்று கெஞ்சினாலும் விடமாட்டேன்.

உன் ஏச்சுக்கு ஏங்கிக் கிடக்கும்
கொழுந்தன்