ஒபதியாவின் பன்னிரண்டாம் வசனம்

நவம்பர் 4, ஞாயிறு

பத்தொன்பது வருடம் எங்கள் யூத ஜெப ஆலயத்தில் ஜெபம் நடத்தினேன். இன்று கமிட்டி கூடி, குரல் போய்விட்டது என்று ஒரே பேச்சில் என்னை இறக்கிவிட்டது. போகட்டும். அண்ணன் ஹெஸ்கேலும் அங்கேதான் இருந்தான்! “அண்ணே, நீயாவது சொல்லேன்” என்றேன். சுவரோரம் நின்று கடிகாரத்தைப் பார்த்தான். பாவி. கூடப் பிறந்தவனா இவன்?

நவம்பர் 15, வியாழன்

டிசம்பர் முதல் சபாத், அதாவது ஓய்வுநாள் சனிக்கிழமை, அப்பாவின் நினைவு வாரம். அன்று ஒபதியா தீர்க்கதரிசியின் ஏட்டை வாசிப்பது எங்கள் வீட்டு உரிமை. அண்ணன் ஒரு வருடம், நான் ஒரு வருடம். இந்த முறை நான். இருபத்தொரு வசனம்தான். ஏதோம் ஜனங்கள் அண்ணன் ஏசாவின் வம்சம், நாங்கள் தம்பி யாக்கோபின் வம்சம். நம் எருசலேம் விழுந்த நாளில் ஏதோம் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தான். கடவுள் அதைச் சும்மா விடமாட்டார் என்கிறார் ஒபதியா. ஹெஸ்கேல் முகத்தைப் பார்த்தே வாசிப்பேன். சபையே கேட்கட்டும்.

நவம்பர் 27, செவ்வாய்

அண்ணன் மகள் லிண்டாவின் கல்யாணம் நின்றுபோனது. மாப்பிள்ளை மாட்டேன் என்றுவிட்டானாம். “நல்லா வேணும்” என்று சிரித்தேன். என் மனைவி மார்செல் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். “நீங்க தூக்கி வளத்த பொண்ணுங்க அது. வாயக் கழுவுங்க.”

கழுவவில்லை. மனசு குளுகுளுவென்றுதான் இருந்தது.

டிசம்பர் 2, ஞாயிறு

நேற்று சபாத், எழுதக்கூடாது. இன்று எழுதுகிறேன்.

பதினோராம் வசனம் — அன்று நீ எட்டி நின்றாய். அண்ணனைப் பார்த்து உரக்க வாசித்தேன். தலை குனிந்தான். அடுத்தது — உன் சகோதரனுக்குக் கேடு வந்த நாளில் நீ மகிழ்ந்திருக்கக்கூடாது. வாயில் சொல் வரவில்லை. மேலே மாடியில், பெண்கள் பக்கம், லிண்டா உட்கார்ந்திருந்தாள். ஐயோ, சிரித்தேனே! இந்த வசனம் எனக்கா?

வாசிப்பவன் திக்கினால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொடுக்கலாம். அண்ணன்தான் அந்த வசனத்தின் முதல் சொல்லை மெல்லச் சொன்னான். பிடித்துக்கொண்டு முடித்தேன்.

வாசலில் என்னிடம் வந்தான். “உன் குரலுக்கு ஒண்ணும் ஆகலடா.”

“அத அன்னிக்குச் சொல்லியிருக்கலாமேண்ணே.”

செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். துரோகம் துரோகம்தான். இன்னும் எரிகிறது.

டிசம்பர் 4, செவ்வாய்

லிண்டாவைப் பார்க்க அண்ணன் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் அண்ணன் மட்டும் இருந்தான். உட்காராமலே சொல்லிவிட்டேன்: “கல்யாணம் நின்ன அன்னிக்கு நான் சிரிச்சேண்ணே.”

எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினான். பிறகு உள்ளே திரும்பி, “லிண்டா, சித்தப்பா வந்திருக்காரும்மா” என்றான்.